தண்ணீர் வற்றுமுன் அடித்த மணி

முப்பத்தேழு வயதில் பெயருக்குக் கீழே ‘ஓய்வுபெற்ற ஆசிரியை’ என்று எழுதவேண்டி வந்துவிட்டது. பதினான்கு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று கத்தியதில் குரல்நாண் பழுதாகி, சத்திரசிகிச்சைக்குப் பிறகும் சரிவராமல், மருத்துவச் சபை என்னை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்குத்தான் என்னால் பேச முடியும். அதனால் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்கிறேன்.

கேட்டவர், நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலையில் இப்போது இருக்கும் இளம் ஆசிரியை. அவருடைய அக்கா கனடாவில் இருக்கிறார். அங்கே வீதியில் பனி உறைந்துவிட்டால் பாடசாலை இரண்டு மணிநேரம் பிந்தித் திறக்குமாம்; விடியுமுன் பெற்றோருக்குப் போனில் செய்தி வந்துவிடுமாம். எங்கள் பக்கத்திலும் மாரி காலத்தில், தண்ணீர் பாயும் நாட்களில், ஏழரைக்குப் பதிலாக எட்டரைக்குத் திறக்கலாமா என்று ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். “நீங்க என்ன சொல்றீங்க அக்கா? அந்தத் தாம்போதியப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்” என்றார்.

தெரியும். ஆனால் தெரிந்துகொண்ட விதம் நல்ல விதமல்ல.

என் ஊர் மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள தேற்றாத்தீவு. அப்பா வாவியில் வலை போடுகிறவர். அம்மாவும் அவரும் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலை மையில் தோய்ப்பார்கள். எங்கள் வீட்டில் பேனாவால் தன் பெயரை எழுதிய முதல் ஆள் நான். மாரி மழையில் வெள்ளைச் சட்டையைச் சொப்பிங் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, பழைய பாவாடையோடு தண்ணீரில் நடந்துபோய், பாடசாலைக் கிணற்றடி மறைப்பில் உடுப்பு மாற்றி, மணி அடிக்குமுன் வரிசையில் நிற்பேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, நியமனக் கடிதம் கையில் வந்த நாளில் அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி நேராக்கிக் கொடுக்கவில்லை. அவர் பார்த்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை இந்தக் கதையில் ஒரு ஆள்.

நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வாவியின் ஒரு கிளைக்குப் பக்கத்தில் இருந்தது. ஏழு ஆசிரியர்கள், நூறுக்கும் குறைந்த பிள்ளைகள். அவர்களில் இருபது பேரளவில் கிளைக்கு அக்கரையில் இருந்த குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். இரண்டு கரைக்கும் நடுவே தாம்போதி. தாழப் போட்ட கொங்கிரீட் பாதை அது. கோடையில் அதன்மேல் சைக்கிள் ஓடும், மாரியில் தண்ணீர் ஓடும். இருபக்கமும் வெள்ளையடித்த கட்டைத் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் ஒரு கறுப்புப் பட்டி. பட்டி தெரிந்தால் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. மறைந்தால் பெரிய ஆட்களும் இறங்கமாட்டார்கள். ஒரே கஷ்டம், பாதையின் தாழ்ந்த இடம் பாடசாலைப் பக்கத்தில் இருந்தது. அக்கரையில் நின்று பார்த்தால் வளைவில் நிற்கும் கண்டல் மரங்கள் அதை மறைத்துவிடும்.

சிவபாதம் சேர்தான் அதிபர். மெல்லிய மனிதர், குரலும் மெல்லியது. மழை நாட்களில் அவர் செய்யும் வேலை ஒரு நாளும் மாறாது. ஏழு மணிக்குச் செருப்பை மணி தொங்கும் வேப்பமரத்தடியில் கழற்றிவிடுவார். காற்சட்டையை முழங்கால்வரை மடிப்பார். குடையோடு தாம்போதி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, மணியடியில் நிற்கும் ஞானம் அண்ணனிடம் ஒரு சொல் சொல்வார். “சரி” அல்லது “வேணாம்.” ஞானம் அண்ணன் பாடசாலையின் சிற்றூழியர். தண்டவாளத் துண்டுதான் எங்கள் மணி. ‘வேணாம்’ என்றால் அவர் இரும்புக் கம்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். எட்டு மணியாகும், எட்டரையாகும். சேர் திரும்பவும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ‘சரி’ என்பார். அப்போதுதான் மணி.

ஆனால் வரவுப் பதிவேட்டில் அந்த நாட்களுக்கும் மற்ற நாட்களுக்கும் வித்தியாசம் இராது. ஆசிரியர்கள் ஏழரைக்குள் ஒப்பமிட வேண்டும். ஏழரை ஆனதும் அதிபர் சிவப்புக் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டவர் பிந்தி வந்தவர். இது எல்லாப் பாடசாலையிலும் உள்ள நடைமுறை. சிவபாதம் சேர் மழை நாட்களில் கடைசி ஆசிரியர் நனைந்து வந்து சேரும்வரை கோடு போடும் அடிமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார். எல்லாரும் ஏழு இருபத்தைந்து என்று எழுதி முடித்தபிறகு, தாளுக்கு நோகும் என்பதுபோல மெதுவாகக் கோடு இழுப்பார். பாடசாலை பிந்தித் தொடங்கியது என்று எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இராது.

எனக்கு அது பிடிக்கவில்லை. இதற்கு முன் வாகரையில், தண்ணீர் ஏறாத வெட்டாந்தரையில் படிப்பித்த காலத்திலும் சரி, இங்கேயும் சரி, என் பெயர் ஒரு நாளும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்ததில்லை. காலையில் வாசலில் நிற்பதும் நான்தான். மணி அடித்துப் பத்து நிமிடத்தில் கேட்டைப் பூட்டுவேன். பிந்தி வருகிற பிள்ளையைத் தூரத்தில் கண்டால் கையை ஆட்டி ஆட்டி ஓடிவரச் சொல்வேன். என் வகுப்பில் பிந்தி வரும் பிள்ளை இல்லை என்று மற்ற ஆசிரியர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் சேரிடம் நேரே கேட்டேன். மணி ஏழரைக்கு அடிக்கவேண்டும், சுற்றறிக்கை இருக்கிறதே என்றேன்.

“இருக்குத்தான் பிள்ள” என்றார். மேசையில் இருந்த கடிதங்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி வைத்தார். அவ்வளவுதான். மழைக்குப் பயந்தவர், கடதாசிக்கும் பயந்தவர் என்று முடிவுகட்டிக்கொண்டேன். ஏன் மணியைப் பிடித்து வைக்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பாடசாலைக்கு வந்து எனக்கு அது இரண்டாவது மாரிதான்.

அந்த மார்கழியில் சேர் கண் சத்திரசிகிச்சைக்காக மட்டக்களப்புக்குப் போனார். ஒரு வாரத்துக்கு நான் பதில் அதிபர். மூன்றாம் நாள் விடிய எழும்பியபோது இரவு முழுக்கப் பெய்த மழை நின்று, குளிர்காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்ததும் முதலில் தாம்போதியைத்தான் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கறுப்புப் பட்டிகள் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கலங்கி, அவசரமில்லாததுபோல மேலால் போய்க்கொண்டிருந்தது. அப்படிப் போகும் தண்ணீர்தான் இழுக்கும் என்று வலைகாரரின் மகளுக்குத் தெரியாமல் இல்லை.

பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன்: ‘இன்று மாணவர்களுக்குப் பாடசாலை எட்டரைக்கு.’ சுற்றறிக்கையில் அதற்கு இடமிருக்கிறதா என்று தெரியாது. ஆனால் சேரைப்போல மறைத்துச் செய்யமாட்டேன் என்று சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதி ஒப்பமும் வைத்தேன். எழுதி முடித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிந்துவது பிள்ளைகளுக்குத்தான், ஆசிரியர்களுக்கல்ல. அவர்கள் ஏழரைக்கு வந்தார்களா இல்லையா என்பது பதிவேட்டில் உள்ளபடி இருக்கவேண்டும். அதற்கு மணி அடிக்கவேண்டும்.

ஏழரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஞானம் அண்ணன் கம்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மணி இப்ப வேணாம் ரீச்சர். சேர் எண்டா...”

“சேர் வந்தா சேர்ட எண்ணத்துக்கு அடிங்க. இண்டைக்கு ஏழரை எண்டா ஏழரை.”

“அங்கால புள்ளையள்...”

“அவங்களுக்கு மெசேச் போட்டாச்சு அண்ணன். அடிங்க.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அடித்தார். மழை ஓய்ந்த காலையில், தண்ணீரின்மேல், அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று அன்றுதான் கவனித்தேன். அக்கரையில் நாய் ஒன்று குரைத்தது.

நான் அலுவலகத்துக்குப் போய்ச் சிவப்புக் கோட்டைப் போட்டேன். மூன்று ஆசிரியர்கள் இன்னும் ஒப்பமிடவில்லை. கோடு நேராக, அழுத்தமாக விழுந்தது.

கால்மணி நேரம் ஆகியிருக்கும். விறாந்தையில் நின்ற சங்கீத ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை; பெயரை மட்டும் சொன்னார். அவர் பார்த்த திசையில் பார்த்தேன். திரும்பவும் தூறத் தொடங்கியிருந்தது. கண்டல் மரங்களுக்கு இப்பால், தண்ணீருக்கு மேலே, ஐந்து குடைகள் வந்துகொண்டிருந்தன.

நான் ஓடினேன். தாம்போதியின் எங்கள் பக்க முனைக்கு வந்தபோது அவர்கள் நடுவைத் தாண்டியிருந்தார்கள். முன்னால் வந்தவள் தர்சிகா, தரம் ஏழு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரம் மூன்றில் படிக்கும் தங்கச்சி. பின்னால் மூன்று பேர், புத்தகப் பையைக் குடைக்குள் நெஞ்சோடு அணைத்தபடி. தண்ணீர் தர்சிகாவின் முழங்காலுக்கு இருந்தது. இன்னும் பத்துப் பதினைந்து அடி வைத்தால் பாதை தாழும். அது அவளுக்குத் தெரியாது; அக்கரையிலிருந்து அந்தத் தூண்கள் தெரிவதில்லை, இப்போதோ அவள் குனிந்து தங்கச்சியின் காலைப் பார்த்தபடி நடந்தாள்.

திரும்பிப் போகச் சொல்லிக் கத்தினேன். காற்று என் முகத்துக்கு அடித்தது. கையை ஆட்டினேன். தர்சிகா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நடையை விரைவாக்கினாள்.

தினமும் வாசலில் நின்று ஓடிவா என்று ஆட்டிய அதே கை அது. வரச் சொல்ல எங்களிடம் மணி இருந்தது, கை இருந்தது. நில் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தள்ளுவதுபோலக் காட்டினேன். பின்னால் வந்த மூவரும் நின்றுவிட்டார்கள். தர்சிகா ஒரு அடி வைத்தாள்.

குடைதான் முதலில் போனது. அவள் தங்கச்சியைத் தூணோடு சேர்த்துத் தள்ளிவிட்டதைக் கண்டேன். சின்னவள் தூணைக் கட்டிப்பிடித்தாள். பிறகு தர்சிகா இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நான் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர் காலை வாரியது. ஒரு கையால் தூணைப் பிடித்து, மறுகையால் சின்னவளைப் பிடித்தேன். அதற்குமேல் என்னால் ஒரு அடி வைக்க முடியவில்லை. சின்னவள் அழவில்லை. அவளுடைய பற்கள் குளிரில் அடித்துக்கொண்டது என் தோளில் கேட்டது. அக்கா எங்கே என்று அவள் கேட்டுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்ப்பக்கத்தில் கண்டலோரம் வலை எடுத்துக்கொண்டிருந்த இராசதுரை என்பவர் எல்லாவற்றையும் கண்டிருக்கிறார். தோணியைக் கம்பால் ஊன்றிக்கொண்டு தண்ணீரோடு சேர்த்து அவள் பின்னால் விட்டார்; குறுக்கே வந்தால் தோணி கவிழும். கண்டல் வேரில் புத்தகப் பை மாட்டிக்கொண்டதால்தான் அவள் அதற்கப்பால் போகவில்லை என்று பிறகு சொன்னார். அவர் குனிந்து இழுப்பதைக் கண்டேன். வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. அசைகிறதா என்று தெரியவில்லை. ஞானம் அண்ணன் கயிற்றோடு வந்து எங்கள் இருவரையும் கரைக்கு இழுத்தார். மற்ற மூவரையும் அக்கரையிலிருந்து ஓடிவந்தவர்கள் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். தோணி எங்கள் கரைக்கு வந்தது.

இராசதுரை அவளைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினார். தண்ணீராக வந்தது. பிறகு இருமல். இடது கை கோணலாகத் தொங்கியது. கண்ணைத் திறந்து, சுற்றி நின்றவர்களில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

“கேட்டப் பூட்டியாச்சா ரீச்சர்?”



அவள் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தாள். முறிந்த கை பொருந்தியது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி மறுநாளே விசாரணைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. எல்லாருக்கும் சுகமாக முடியவேண்டும் என்று நினைப்பவர். செய்தி கேட்டுச் சிவபாதம் சேரும், ஒரு கண்ணில் மூடியோடு, யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். தர்சிகாவின் தாய் கதிரையில் உட்கார மறுத்து நின்றார். ஞானம் அண்ணன் கதவடியில்.

அதிகாரி என் திரட்டுப் புத்தகக் குறிப்பைப் படித்தார். எட்டரைக்குத் திறப்பது என்று நான் எழுதியிருந்தது எனக்கு நல்லது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சிற்றூழியர் பழக்கதோசத்தில மணி அடிச்சிட்டார் எண்டு போடுவம். பெரிசா வராது.”

ஞானம் அண்ணன் நிலத்தைப் பார்த்தார். அவருடைய வேலை நிரந்தரமானதல்ல. ஒரு வரி போதும், அடுத்த மாதம் அவர் வரத் தேவையில்லை. நான் பொய் சொல்ல யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். என் சேவைக் கோவையில் ஒரு கறையும் இல்லை. அப்பா பெருவிரல் வைத்த வீட்டிலிருந்து வந்த என் பெயருக்கு இது என்ன செய்யும் என்று, ஒருவர் தேநீர்க் கோப்பையை எடுத்து வைக்கும் அளவு நேரம், யோசித்தேன்.

“அவர் வேணாமெண்டு சொன்னவர். நான்தான் அடிக்கச் சொன்னன்” என்றேன்.

அதிகாரி பேனாவை மூடினார். “எட்டரை எண்டு மெசேச் போயிருக்கு. அப்ப புள்ளையள் ஏன் இறங்கின?”

தாய்தான் பதில் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

“போனில எட்டரை எண்டுதான் கிடந்திச்சு ரீச்சர். பார்த்தன், புள்ளையள இருக்கச் சொன்னன். மறுகா மணி கேட்டிச்சு. தண்ணி வத்தாம நம்மட மணி அடிக்காதே. அதான் அனுப்பினன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கரைக்கு அது பாடசாலை தொடங்கும் மணி அல்ல. அவர்களுக்குத் தெரியாத தாழ்ந்த இடத்தை ஒருவர் காலால் போய்ப் பார்த்துவிட்டு, ‘இனி வரலாம்’ என்று சொல்லும் சொல். எத்தனையோ மாரியாக அந்தச் சொல் பொய்த்ததில்லை. நான் அதைப் பொய்யாக்கினேன்.

அறையில் இருந்த எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தோம். சிவபாதம் சேருக்கு ஓய்வுக்கு நாலு மாதம் இருந்தது. அவர் வாய் திறக்காவிட்டால் நான் திறந்திருப்பேனா தெரியாது. நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அது என்ட பழக்கம். மழைக்குப் பட்டி தெரியாம நான் மணி அடிக்க விடுறதில்ல.”

“எங்க எழுதியிருக்கு?”

“எங்கயும் இல்ல. எழுதினா நிப்பாட்டச் சொல்லுவீங்க எண்டு எழுதல்ல. இந்தப் பிள்ளைக்கும் சொல்லல்ல.” என் பக்கம் திரும்பினார். “சொல்லியிருக்கவேணும்.”

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது இன்னும் என் கோவையில் இருக்கிறது. அன்று அப்படிச் சொன்னதால் சேர் தன் ஓய்வுக் கடிதத்துக்காக வலயத்துக்குப் பல தரம் ஏறி இறங்கினார். தெருவில் கண்டால் சிரிப்பார். 

ஆக, தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என் பதில்: பிந்தித் திறக்கத்தான் வேண்டும். நான் தண்ணீரில் நடந்துபோய்ப் படித்தேன் என்பது இன்னொரு பிள்ளை நடக்கவேண்டும் என்பதற்குக் காரணமல்ல. நான் தப்பி வந்தவள், அவ்வளவுதான். ஆனால் போனில் போட்டுவிட்டால் கனடாவாகிவிடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் அக்கரை எதைக் கேட்டு வெளிக்கிடுகிறது என்று முதலில் போய்க் கேளுங்கள். எங்களுக்கு அது மணி. கரடியனாற்றுப் பக்கத்தில் முதல் பஸ்ஸின் ஹோர்ன் என்று ஒரு ஆசிரியர் சொன்னார். அது எதுவோ அதைப் பிடித்து நிறுத்தாமல், நேரத்தை மட்டும் மாற்றினால் என்னைப்போல ஆவீர்கள். செய்வதை எழுதியும் வையுங்கள். சேர் சரியானதைச் செய்தார், எழுதவில்லை. நான் எழுதினேன், சரியானதைச் செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை தண்ணீரில் போனாள்.

அடுத்த மாரி வந்தது. புது அதிபர் வரப் பிந்தியதால் திரும்பவும் நானே பொறுப்பில் இருந்தேன். முதல் வெள்ள நாளன்று வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றினேன். ஞானம் அண்ணன் கம்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

“வேணாம்” என்றேன்.

தாம்போதி முனையில் நின்றேன். ஏழரை போனது. எட்டு போனது. தூண்களில் தண்ணீர் அரை அங்குலம் இறங்கும், பிறகு அப்படியே நிற்கும். எட்டரை போய்க் கொஞ்ச நேரத்தில்தான் முதல் கறுப்புப் பட்டியின் விளிம்பு தெரிந்தது. முழுப் பட்டியும் தெரியும்வரை நின்றேன். திரும்பிக் கையைத் தூக்கினேன். மணி அடித்தது. கண்டல் மரங்களுக்கு அப்பாலிருந்து குடைகள் வந்தன. எண்ணினேன். முன்னால் தர்சிகா, கொஞ்சம் வளைந்த இடது கையால் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு. என்னைக் கடக்கும்போது அவள் ஓடவில்லை. நடந்தே போனாள்.

கடைசிப் பிள்ளையோடு நானும் உள்ளே போனேன். மேசையில் பதிவேடு திறந்திருந்தது. நான் இல்லாததால் சங்கீத ரீச்சர் ஏழரைக்குச் சிவப்புக் கோட்டைப் போட்டிருந்தார். என் ஒப்பம் மட்டும் இன்னும் இல்லை. கோட்டுக்கு மேலே ஒரு ஒப்பத்துக்கு இடம் இருந்தது. ரீச்சர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தேன். கோட்டுக்குக் கீழே என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒன்பது பத்து என்று நேரத்தையும், ‘தாம்போதியில் தண்ணீர்’ என்று காரணத்தையும் எழுதினேன். பிறகு, எங்கள் வீட்டின் முதல் கையெழுத்தை, தெளிவாக, அதன் கீழே வைத்தேன்.